மாதப்பனுக்கு முடிந்த டாலர்

கருங்கல் மேடையில் சுண்டிப்போட்ட வெள்ளிக் காசின் ஓசை உடனே அடங்குவதில்லை. மெலிந்து மெலிந்து காதுக்குள் எங்கோ போய் நிற்கும். மைசூரு தேவராஜ மொஹல்லாவில் ஒரு சேட்டுக் கடையில் அப்பாவின் கையைப் பிடித்தபடி அதைக் கேட்டபோது, டைபாய்டிலிருந்து பிழைத்திருந்த எனக்குத் தலைமுடி கொட்டி, காதுகள் மட்டும் பெரிதாகத் தெரிந்தன.

அது அமெரிக்கக் காசு. கப்பலில் சமையல்காரராக இருந்த மாமா அம்மாவின் கல்யாணத்துக்குக் கொடுத்தது. ஒரு பக்கம் தொப்பி வைத்த பெண்ணின் முகம், மறுபக்கம் இறக்கை விரித்த கழுகு. குங்குமப் பொட்டோடு பூஜை அலமாரியில் இருந்த அதை, எனக்கு ஜுரம் இறங்காத நாளொன்றில் அம்மா மஞ்சள் துணியில் "முடிந்து" வைத்தாள். பிள்ளை பிழைத்தால் மாதேஸ்வரன் மலையில் மாதப்பன் உண்டியலில் போடுவதாக வேண்டுதல். மற்றவர்கள் ஒரு ரூபாயை முடிவார்கள். மலைக்குப் போகும் வழியிலுள்ள கொள்ளேகாலத்துப் பக்கம் பிறந்த அம்மாவுக்கு, வீட்டிலிருந்த ஒரே வெள்ளிக் காசை முடிந்த பிறகுதான் மனம் ஆறியது.

நான் எழுந்து உட்கார்ந்ததும், ரயில்வே பணிமனையில் வேலை பார்த்த அப்பா வேறு பேச்சுப் பேசினார். "மாதப்பனுக்கு எதுக்குடி டாலர்? அவர் என்ன அமெரிக்காவா போகப்போறார்? விலையைக் கேட்டு, அந்தப் பணத்தைப் போட்டுடுவோம்."

"ஏனுங்க, முடிஞ்சது இந்தக் காசைத்தானுங்களே" என்றாள் அம்மா. அதற்குமேல் எதிர்த்துப் பேச அவளுக்கு வராது.

சேட்டு உரைகல்லில் தேய்த்தார், நிறுத்தார், கண்ணாடியைக் கழற்றிவிட்டு காசிலிருந்த பெண்ணை உற்றுப் பார்த்தார். வெள்ளி என்பது அவர் வாயில் கன்னடத்துப் "பெள்ளி"யாகத்தான் வரும். "அசல் பெள்ளி சாமி. ஆனா இந்த ராணியம்மா நம்ம ஊர்ல செல்ல மாட்டா. உருக்கினா என்ன வருமோ, அதான் ரேட்டு."

அப்பா காசை விற்கவில்லை, அது பூஜை அலமாரிக்கே திரும்பிற்று; அந்தத் தொகையோடு ஒரு ரூபாய் கூட்டி மலை உண்டியலில் போட்டார். "வட்டியும் கட்டியாச்சு" என்று திரும்பும் பஸ்ஸில் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. அதன்பின் நான் இருமினாலும் மழையில் நனைந்து வந்தாலும், அவள் பார்வை முதலில் பூஜை அலமாரிக்குப் போய்விட்டுத்தான் என்னிடம் வரும்.

இந்த மழைக்காலத்தில் என் மகனுக்கு டெங்கு. ஒவ்வொரு ரத்தப் பரிசோதனையிலும் பிளேட்லெட் இறங்கிக்கொண்டே போயிற்று. மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தவள், அம்மா விட்டுப்போன அதே காசை மஞ்சள் துணியில் முடிந்துவிட்டு ஆஸ்பத்திரிக்குத் திரும்பினேன். யோசித்துச் செய்ததாக நினைவில்லை.

அவன் வீடு திரும்பிவிட்டான். எனக்குத்தான் இன்னும் தூக்கம் வரவில்லை. ஒருநாள் முடிச்சை அவிழ்த்துக் காசைப் போனில் படம் பிடித்துத் தேடியவன், "அம்மா, கழுகு வாலுக்குக் கீழே பாரு, குட்டியா சி சி-ன்னு இருக்கு. இது இருந்தா ரேட்டே வேற!" என்று கத்தினான். காசு அடித்த ஊரைக் குறிக்கும் எழுத்தாம். அங்கே அடித்தவை குறைவாம். பழங்காசு சேர்க்கும் ஒருவரிடம் காட்டினோம். பூதக்கண்ணாடியில் பார்த்து அவரும் அதையே சொன்னார். விபூதி போட்டுத் தேய்க்காமல் இருந்தால் இன்னும் அதிகம் போகும் என்று வருத்தப்பட்டார். தேய்ந்த நிலையிலும் வெள்ளி விலையைப்போலப் பல மடங்கு.

அவன் துள்ளினான். எனக்கு அப்பா கட்டிய வட்டி நினைவுக்கு வந்தது. அப்படியென்றால் அப்பா போட்டது குறைவு. அம்மா அத்தனை வருடம் பயந்தது வெறும் பயம் இல்லை.

"இப்பவும் வெள்ளி ரேட்டைப் போட்டுடலாம்மா. மலையிலகூட ஸ்கேன் பண்ற போர்டு இருக்கும். இதை வித்தா எனக்கு லேப்டாப் வந்துடும்."

"நீ வந்துட்டியேடா. போதும்."

போன வாரம் கொள்ளேகாலத்தில் பஸ் மாறி, தனியாக மலைக்குப் போய் அந்தக் காசையே போட்டுவிட்டு வந்தேன். இதைச் சொல்ல அம்மா இல்லை. "அடி அசடே" என்று சிரிக்க அப்பாவும் இல்லை. சேட்டுக் கடை இருந்த இடத்தில் போன் உறை விற்கிறார்கள். காசின் படம் மட்டும் மகனின் போனில் இருக்கிறது.

"நிஜமாவே போட்டுட்டியா?" என்றான், கதவைத் திறந்ததும். தலையசைத்தேன். சட்டைக் காலரைச் சரிசெய்வதுபோல் அவன் கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன்.

"ஜுரமெல்லாம் இல்லம்மா, சும்னிரு" என்று பாதிக் கன்னடத்தில் அதட்டிக் கையைத் தள்ளிவிட்டான்.