பெரிய கண்ணுக்காரி

திருவொற்றியூரில் எங்கள் தெரு முனையில், மின்கம்பத்துக்கும் டீக்கடைக் கூரைக்கும் நடுவே, பத்தடி அகலத்தில் அந்தப் பேனரைக் கட்டியிருந்தார்கள். மேலே தங்க நிறத்தில் 'மஞ்சள் நீராட்டு விழா' என்று எழுத்து. கீழே வழக்கம்போல் தாய்மாமன்களும் சித்தப்பாவின் துறைமுகத்துத் தோஸ்துகளும் வரிசையாகக் கும்பிட்டபடி நின்றார்கள், பாதிப் பேர் கூலிங் கிளாஸோடு. அதுவரை எல்லாம் சரி. ஆனால் நடுவில், சடங்கான பெண் நிற்க வேண்டிய இடத்தில், பச்சை முடியும் கையில் ஈட்டியுமாக, முகத்தில் பாதியைக் கண்ணே அடைத்துக்கொண்டு, ஒரு ஜப்பான் பொம்மைப் பெண் நின்றாள். விழா நாயகியான என் தங்கச்சியின் புகைப்படம் ஓரத்தில் பாஸ்போர்ட் படம் போல ஒட்டிக்கொண்டிருந்தது. பேனர் கடைக்காரர் சொதப்பிவிட்டார் என்று தெருவே சொன்னது. சொதப்பியது அவரில்லை, நான்.

தங்கச்சி என்றால் என் சித்தி மகள். என்னைவிட ஒன்றரை வயது சின்னவள். ஒரே கட்டடத்தில் நாங்கள் மாடியிலும் அவர்கள் கீழேயும் குடியிருந்தோம். அந்தப் பொம்மைப் படங்களை அவளுக்குக் காட்டியது நான்தான். இதை நான் இன்றைக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கேபிளில் ஒரு சேனலில் தமிழ் பேசிக்கொண்டு அவை வரும். மற்றக் கார்ட்டூன்களில் அடிபட்டவன் அடுத்த நொடியே எழுந்துகொள்வான். இதில் செத்தவர்கள் செத்துப்போனார்கள், அவர்களுக்காக மற்றவர்கள் பல வாரங்கள் அழுதார்கள். எனக்கு அது போதுமாக இருந்தது. ஒரு நாள் மாடிக்கு வந்த தங்கச்சி என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "இன்னாக்கா இவ கண்ணு இவ்ளோ பெருசா கீது?" என்று கேட்டாள். நான் பெரிய மனுஷி போல எல்லாவற்றையும் விளக்கினேன். ஒரு மாதத்தில் அவள் எனக்கு விளக்கத் தொடங்கிவிட்டாள். யாரிடமோ செல்போன் வாங்கி எனக்கு முன்னால் பத்து பாகம் ஓடிப்போயிருந்தாள். என் வீட்டில் பார்த்த ஒன்றைத் தன் வீட்டுச் சாமான் போல அவள் எடுத்துக்கொண்டது எனக்குச் சுருக்கென்று தைத்தது.

அதற்குள் நான் பதுங்க ஆரம்பித்திருந்தேன். எட்டாம் வகுப்பில் என் கணக்கு நோட்டின் பின்பக்கங்களை மிஸ் பார்த்துவிட்டார். பக்கம் பக்கமாகப் பெரிய கண்கள். நோட்டை விரித்துப் பிடித்து வகுப்புக்கே காட்டினார். அன்றிலிருந்து எனக்கு 'பொம்ம' என்று பெயர். சின்னப் பிள்ளைகள் பார்க்கிற படம், பையன்கள் பார்க்கிற படம், பாவாடை குட்டையாக இருப்பதால் கண்றாவிப் படம், இதைப் பார்க்கிறவர்களுக்குப் படிப்பு ஏறாது, ஆள் அண்டாது, மூலையில் உட்கார்ந்து தனக்குத்தானே பேசிக்கொள்வார்கள் என்று ஆளாளுக்கு ஒரு தீர்ப்பு வைத்திருந்தார்கள். நான் அந்தப் பக்கங்களைக் கிழித்துப் போட்டுவிட்டு நல்ல பிள்ளையாகிவிட்டேன். யாராவது கேட்டால், "அதெல்லாம் கீழ் வூட்டுத் தங்கச்சிதான் பாக்கும்" என்றேன். பார்ப்பதை மட்டும் நான் நிறுத்தவில்லை.

அவளோ எதையும் ஒளிக்கவில்லை. மூலையில் உட்காருவதாவது, தெருவில் மீன் விற்க வருகிற ஆயாவிலிருந்து கண்டெய்னர் லாரி கிளீனர் வரை எல்லாரையும் நிறுத்தி வைத்துக் கதை சொல்வாள். அவளையும் 'பொம்ம' என்று கூப்பிட்டால், "இன்னா?" என்று திரும்புவாள். எனக்கு நெருப்பாக இருந்த பெயர் அவளுக்கு வெறும் பெயராக இருந்தது. அவள் நன்றாக வரைவதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். வெட்கப்படாமல் இருந்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு பெண் பெரியவளானால் பேனர் இல்லாமல் சடங்கு இல்லை. என் பேனரில் இரண்டு பக்கமும் அன்னப்பறவை, பின்னால் நிலா, நடுவில் நான், ரோஸ் பவுடர் பூசினாற்போல் மெருகேற்றிய முகத்தோடு. ஒரு மூலையிலாவது எனக்குப் பிடித்த படத்தைப் போடச் சொல்ல வேண்டும் என்று நான் ஒரு வாரம் மனசுக்குள்ளேயே ஒத்திகை பார்த்தேன். அப்பாவின் முன்னால் வாய் திறக்கவில்லை. அடுத்த வருடம் தங்கச்சியின் முறை வந்தது. அவள் தனியே உட்காரவைத்த ஓலைக் குச்சுக்குள் இருந்தபடியே, "நைனா, பேனர்ல என் ஈட்டிக்காரியையும் போடணும்" என்று சத்தமாகக் கேட்டாள். சித்தப்பா தலையைச் சொறிந்துவிட்டு, "ஓரமா சின்னதா போட்டுக்கோ" என்றார். அவ்வளவுதான். நான் ஒரு வாரம் விழுங்கி விழுங்கிக் கடைசியில் முழுங்கியே விட்ட ஒன்று, அவளுக்கு ஒரே வாக்கியத்தில் கிடைத்தது.

சடங்கு முடியும்வரை அவள் வெளியே வரக்கூடாது என்பதால், படங்களைக் கடையில் கொடுக்க என்னை அனுப்பினார்கள். தேரடிப் பக்கம் ஒரு சின்னக் கடை. டிசைன் செய்கிற அண்ணன் பென்டிரைவைச் செருகி, "எது பாப்பா பெருசா வரணும்?" என்று கேட்டார். நான் யோசிக்கக்கூட இல்லை. "இந்தப் பொம்மதான் நடுவுல பெருசா. போட்டோ ஓரமா சின்னதா" என்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "கரெக்டாதான் சொல்றியா?" என்றார். "எங்க சித்தப்பா அப்டித்தான் சொன்னாரு" என்றேன். திரும்பி நடக்கும்போது என் மனசில் ஓடியதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மிஸ் என் நோட்டை விரித்தபோது நான் நின்ற மாதிரி அவளும் ஒரு நாள் நிற்கட்டும், ஊரே பார்க்கட்டும் என்றுதான் நினைத்தேன்.

ஊர் பார்த்தது. மறுநாள் காலையில் பேனருக்குக் கீழே கூட்டம். எதிர்வீட்டு அக்கா, "இன்னாமே இது, பொண்ணு கண்ண இப்டி நோண்டி வச்சிக்கிறான்?" என்று கேட்டாள். "பச்ச மயிர பாரு, கலீஜா கீது" என்றது இன்னொரு குரல். டீக்கடையில் சிரித்த சிரிப்பில் ஒருவருக்குப் புரையேறிவிட்டது. சித்தப்பா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, கடைக்காரனை உண்டு இல்லை என்று பண்ணிவிடுவதாகக் கிளம்பினார். சத்தம் கேட்டு, சடங்குக்கு முன்னால் வாசலைத் தாண்டக்கூடாத தங்கச்சி, சித்தி கத்தக் கத்த ஓடிவந்து நின்றாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகைக்காகக் காத்திருந்தேன்.

அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு சிரித்தாள். பேனருக்கு அடியில் போய், பக்கத்தில் கிடந்த துடைப்பக் கட்டையைத் தூக்கி ஈட்டி போலப் பிடித்துக்கொண்டு, அந்தப் பெண்ணைப் போலவே ஒரு காலை முன்னால் வைத்து நின்றாள். "நைனா, கயட்டாத. இப்டியே இருக்கட்டும்" என்றாள். சித்தப்பாவுக்கு மகள் சிரித்தால் போதும். மதியம் மண்டபத்தில், "ஜப்பான் படங்க, என் பொண்ணுக்கு உயிரு" என்று வந்தவர்களிடமெல்லாம் அவரே விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஒரே நாளில் தெரு மொத்தமும் சிரித்து முடித்துவிட்டது. அதற்குப் பிறகு அவளைக் கேலி செய்ய யாரிடமும் மிச்சம் எதுவும் இல்லை. நான்தான் கதவைச் சாத்திவிட்டு, சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளைத் தள்ளிவிடப் போய், நான் வெளியே வர முடியாத இடத்திலிருந்து அவளை வெளியே அனுப்பிவிட்டேன்.

அதற்குப் பிறகு வந்த வருடங்களில் என் வயிறு எரியாத வருடம் இல்லை. இருவரும் ஒரே கல்லூரிக்கு, நகரத்தின் தெற்குப் பக்கம் போனோம். அங்கே வேறு மாதிரியான கேலி. வடசென்னைக்காரி என்றால் கானா பாட வேண்டும், குத்துச்சண்டைக்காரனுக்குத் தங்கையாக இருக்க வேண்டும், பொம்மைப் படம் பார்க்கக்கூடாது என்று அவர்களுக்கு ஓர் எண்ணம். "உங்க ஏரியால இதெல்லாமா பாப்பாங்க?" என்று கேட்டார்கள். நான் என் பேச்சை மாற்றிக்கொண்டேன், 'கீது' போய் 'இருக்கு' வந்தது. அவள் ஒரு எழுத்தையும் மாற்றவில்லை. அதே பாஷையில் கதை சொன்னாள், அவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். படிப்பு முடிந்ததும் எனக்கு ஒரு கப்பல் ஏஜென்சி அலுவலகத்தில் வேலை கிடைத்தது. அவள் வண்ணாரப்பேட்டையில் ஒரு மாடியை வாடகைக்குப் பிடித்து, மூன்று தையல் மெஷின் போட்டு, அந்த ஜப்பான் பொம்மைப் படங்களுக்கென்று நடக்கிற அனிமே விழாக்களுக்கு வேஷம் கட்டிப் போகிறவர்களுக்கு உடை தைக்க ஆரம்பித்தாள். எங்கெங்கிருந்தோ தேடி வந்தார்கள்.

ஒரு நாள் காலை மெட்ரோவில் நான் அலுவலகத் தோழிகளோடு உட்கார்ந்திருந்தேன். தங்கச்சி சிவப்பு விக்கும் வெள்ளை அங்கியும் முதுகில் அட்டை வாளுமாக ஏறினாள். பக்கத்திலிருந்தவள் என் காதில், "இதுங்களுக்கெல்லாம் வேற வேலையே இல்லையா?" என்றாள். நான் செல்போனைக் குனிந்து பார்த்தேன். தங்கச்சி என்னைப் பார்த்தாள், என் பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்தாள், பேசாமல் அடுத்த பெட்டிக்கு நடந்துபோய்விட்டாள். அன்று சாயங்காலம் எப்போதும்போல மாடிக்கு வந்து, நெத்திலிக் குழம்பைக் கொடுத்துவிட்டுப் போனாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெருந்தன்மை காட்டி என்னை ஜெயிக்கப் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். எவ்வளவு கேவலமான நினைப்பு. ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

இப்போது அந்தப் படங்களை எல்லாரும் பார்க்கிறார்கள். என் மேலாளர் தன் மகனோடு உட்கார்ந்து பார்ப்பதைப் பெருமையாகச் சொல்கிறார். அன்று காதில் முணுமுணுத்த அதே தோழி, எதிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று என்னையே கேட்கிறாள். "எனக்கு அதெல்லாம் தெரியாதுப்பா" என்கிறேன். வீடு திரும்பும்போது வெளிச்சத்தைக் குறைத்து, போனை நெஞ்சோடு சாய்த்துப் பிடித்துக்கொண்டுதான் இன்றும் பார்க்கிறேன். இத்தனை வருடம் கழித்து அதை எப்படி வெளியே எடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

போன மாதம் தங்கச்சிக்குக் கல்யாணம் முடிவானது. தன் தையல் கடைக்கு வரச் சொல்லியிருந்தாள். நான் போனபோது குண்டூசிகளை வாயில் கவ்விக்கொண்டு யாருக்கோ ஓர் அங்கியின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தாள். ஊசிகளை எடுத்துவிட்டு, "கல்யாண பேனருக்குப் படம் வரஞ்சி வச்சிக்கிறேன்க்கா. நீதான் கடைக்கு எடுத்துக்கினு போணும்" என்றாள். வாட்ஸப்பில் அனுப்பினால் போதாதா என்று கேட்டேன். "போதும். ஆனா உன் கையாலதான் போணும். அன்னிக்கி நீ போனதுதான் எனக்கு ராசி."

அந்த 'ராசி' என்ற சொல்தான் என்னை உடைத்தது. இத்தனை காலம் நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்ததைச் சொல்லிவிட்டேன். கடைக்காரர் தப்பு பண்ணவில்லை, நான்தான் அந்தப் பொம்மையைப் பெரிதாகப் போடச் சொன்னேன் என்றேன்.

"தெரியும்க்கா" என்றாள். நிமிரக்கூட இல்லை. "அடுத்த வாரமே கடைக்குப் போயி அந்தண்ணனுக்கு தேங்க்ஸ் சொன்னேன். உங்க அக்காதான் சொன்னிச்சின்னாரு."

அங்கே நான் வாயை மூடியிருக்கலாம். மூட முடியவில்லை. "உன்ன அசிங்கப்படுத்தணும்னுதான்டி சொன்னேன்" என்றேன். "நீ அழுவேன்னு பாத்துக்கினு நின்னேன்." எத்தனையோ வருடம் கழித்து என் வாயில் எங்கள் பாஷை வந்தது.

அவள் கை நின்றது. மெஷினின் சின்ன விளக்கு துணியின் மேல் எரிந்துகொண்டிருந்தது. மடித்த ஓரத்தை விரலால் நீவிவிட்டாள்.

"நீ எனக்காக செஞ்சன்னு நெனச்சிக்கினு இருந்தேன்" என்றாள். "உன்னோட பேனர்ல நீ போட முடியாதத, என்னோடதுல பெருசா போட்டுட்டன்னு."

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. என் பேனருக்காக நான் மனசுக்குள் ஒத்திகை பார்த்ததைக்கூட அவள் கண்டுபிடித்திருக்கிறாள். மெட்ரோவில் அவள் தள்ளிப்போனது என்னை ஜெயிக்க அல்ல. நெத்திலிக் குழம்பும் அதற்காக இல்லை. அவள் மனசில் ஓர் அக்கா இருந்திருக்கிறாள். வெளியே பயந்தாங்கொள்ளி, ஆனால் தங்கச்சிக்காக ஒரு முறை ஊரையே எதிர்த்தவள். அந்த அக்காவைத்தான் அவள் இத்தனை வருடமாகப் பார்த்துப் பார்த்து வைத்திருந்தாள். இதுவரை தங்கச்சியின் மேல் நான் பட்ட பொறாமை எல்லாம் ஒன்றுமே இல்லை. நான் ஒரு நாளும் ஆகாத அந்த அக்காவை நினைத்தால்தான் இப்போது எனக்குத் தாங்க முடியவில்லை.

தங்கச்சி குண்டூசிகளை மறுபடி எடுத்தாள். வாயில் வைப்பதற்கு முன்னால் என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"படத்த நானே குடுத்துக்கிறேன்க்கா. நீ இன்னாத்துக்கு அலையப் போற."