ஹாஜியார் வீட்டு பிரிஜ்ஜும் குர்பான் இறைச்சியும்

1. பெட்டி வந்தது

பிரிஜ் வந்த அன்று ஹாஜியார் வீட்டில் பகல் சோறு பிந்தித்தான் ஆனது. ஆக்க வேண்டிய நானும் மற்றவர்களோடு நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சவூதிக்குப் போன மூத்த மகன் அனுப்பிய காசில் வாங்கியது. கல்முனையில் எங்கள் ஒழுங்கைக்கு, அந்தச் சின்னத் தெருவுக்கு, அதுதான் முதல் பிரிஜ். குசினியில் வைத்தால் கரி பிடிக்கும் என்று ஹாஜியாரின் மனைவி சுபைதா மாமி அதை முன் மண்டபத்தில் வைத்தார். மேலே பூப்போட்ட துணி விரித்தார். பூட்டி, திறப்புச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். பார்க்க வருகிறவர்களுக்கு ஆளுக்கொரு ஐஸ் கட்டி கிடைக்கும். வாய்க்குள் ஐஸ் இருக்கும்போது யாரும் குறுக்கே கதைக்க முடியாது. அதற்குள் மாமி பெட்டியின் பெருமையைச் சொல்லி முடித்துவிடுவார்.

இப்போது சமையல் வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று ஊர்ப் பெண்கள் சங்கத்தில் கேட்டார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்க இன்றைக்கும் கூச்சம். எழுதினால் யாரும் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். அதனால் எழுதுகிறேன்.

2. மூன்று பங்கு

பிரிஜ்ஜுக்கு முந்திய வருடங்களில் ஹஜ்ஜுப் பெருநாள் என்றால் எனக்கு முதுகு ஒடியும். ஹாஜியார் குர்பானுக்கு மாடு அறுப்பார். இறைச்சியை மூன்றாகப் பிரிப்போம். வீட்டுக்கு ஒன்று, சொந்தக்காரருக்கு ஒன்று, இல்லாதவர்களுக்கு ஒன்று. கொஞ்சத்தை உப்புப் போட்டுக் காய வைக்கலாம். மிச்சத்தை அன்றைக்கே கொடுத்து முடிக்காவிட்டால் மணக்கும். மாமி நல்ல மனுசிதான். தாராளமாகக் கொடுப்பார். வெயிலும் அதற்கு உதவி செய்தது.

அந்த வருடம் மூன்று குவியலையும் மாமி சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். வீட்டுப் பங்கை உள்ளே வைத்தோம். சொந்தக்காரர் பங்கையும் வைக்கச் சொன்னார். மகனும் சொந்தம்தானே, லீவில் வந்து தின்பான் என்றார். மகன் வர இன்னும் எத்தனையோ மாதம் கிடந்தது. மிஞ்சியது இல்லாதவர்களின் பங்கு.

“இண்டைக்கு எல்லா வீட்டிலயும் அவங்களுக்குக் குடுப்பாங்க கதீசா. ஒரே நாள்ல திண்டா வயிறு என்னத்துக்கு ஆகும்? நாம ஆறுதலாக் குடுப்பம்.”

ஏழைகளின் வயிற்றைப் பற்றி மாமி இவ்வளவு கவலைப்பட்டதை அன்றைக்குத்தான் கண்டேன். பெட்டி நிரம்பியது. கதவை முழங்காலால் தள்ளித்தான் பூட்டினோம். பிறகு என்னை வாசல் கேற்றடிக்குப் போகச் சொன்னார். வருகிறவர்களிடம் இறைச்சி முடிந்துவிட்டது என்று நான் சொல்ல வேண்டுமாம்.

 வருகிறவர்கள் என் ஒழுங்கைக்காரர்கள். பொய் சொன்னால் பின்னேரம் அவர்கள் முகத்தில் முழிக்க ஏலாது. சொல்லாவிட்டால் வேலை போகும்.

3. கேற்றடி

முதலில் வந்தது செய்னம்பு ராத்தா. அடுத்த வளவில் புருஷன் இல்லாமல் நாலு பிள்ளைகளோடு இருப்பவர். கையில் வேறொரு வீட்டில் கிடைத்த இறைச்சி, தாமரை இலையில் சுற்றியிருந்தது. அவருக்குப் பின்னால் ஒழுங்கைப் பெண்கள் ஒரு கூட்டம்.

நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“என்னகா புள்ள, முடிஞ்சிட்டா?” என்று ராத்தா கேட்டார்.

ஓம் என்று ஒரு சொல்லைச் சொன்னால் போதும். அது வரவில்லை.

“பிரிஜ்ஜுக்குள்ள இரிக்கி” என்றேன்.

“பழுதாகாதா?”

“ஆகாதாம்.”

ராத்தா கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தார். “அப்ப நம்மட இதையும் உள்ளுக்கு வைக்கச் சொல்லுவம். புள்ளைகளுக்கு நாளைக்கும் ஆகும்” என்று என்னைத் தாண்டி உள்ளே போய்விட்டார்.

மண்டபத்தில் மாமி நிந்தவூர் விருந்தாளிகளுக்கு ஐஸ் கொடுத்துக்கொண்டிருந்தார். ராத்தா பொட்டலத்தை நீட்டி, அமானிதமாக வைத்துத் தரும்படி கேட்டார். நம்பி ஒப்படைக்கிற பொருளை விருந்தாளிகளுக்கு முன்னால் எப்படி மாட்டேன் என்பது? மாமி திறப்பை எடுத்தார். இடத்துக்காக எங்கள் இறைச்சியில் கொஞ்சத்தை வெளியே எடுத்து ஒரு பேசின் பாத்திரத்தில் வைத்தேன்.

பிறகு ஒழுங்கையே வந்தது. வாழை இலைப் பொட்டலம், சேலைக் கரையால் கட்டிய பொட்டலம், ஒருவரின் கண் மருந்து, ஒருவரின் வெற்றிலைக் கட்டு. பாண்டிருப்பிலிருந்து மீன் கொண்டு வருகிற பொன்னம்மா, விற்காமல் மிஞ்சிய மீனைத் தந்தாள். மாட்டிறைச்சி படாமல் கதவுப் பக்கம் வைக்கச் சொன்னாள். அவர்களுடையது ஒன்று உள்ளே போக, எங்களுடையது ஒன்று வெளியே வந்தது. கடைசியில் உள்ளே எங்களுடையது ஒன்றும் இல்லை.

4. மீன் விழுந்தது

பகல் லுஹர் தொழுதுவிட்டு வந்த ஹாஜியார் குளிர் தண்ணீர் எடுக்க மாமியிடம் திறப்பை வாங்கிப் பெட்டிக் கதவைத் திறந்தார். பொன்னம்மாவின் மீன் அவர் காலில் விழுந்தது.

“இது ஆர்ட மீன்? நம்மட எறச்சி எங்க?”

நான் விரலை மட்டும் நீட்டினேன். ஒரு பேசின் மூன்றாகியிருந்தது. ஈ மொய்த்தது. அவர்களுடையதை எல்லாம் வெளியே எடுக்கலாம் என்றார் மாமி. விருந்தாளிகள் போய்விட்ட தைரியம். ஹாஜியார் மீனைத் துடைத்து, இருந்த இடத்திலேயே திருப்பி வைத்துக் கதவைச் சாத்தினார்.

“அமானிதத்தில கை வைக்க ஏலா சுபைதா. வெளிய கிடக்கிறதுலயும் ஒரு பங்கு அவங்கடதான். மணக்க முந்தி குடுத்து முடி.”

அந்த அவசரத்தில் நான் மூன்று பங்கையும் கொடுத்து முடித்துவிட்டேன். கேற்றடியில் வாயே திறக்க வேண்டியிருக்கவில்லை. பிறகுதான் சட்டியில் போட ஒரு துண்டுகூட மிஞ்சவில்லை என்று கண்டோம். ஒழுங்கையில் இறைச்சி இல்லாத வீடு ஹாஜியார் வீடு ஒன்றுதான். பெட்டி மட்டும் நிரம்பி இருந்தது.

பொழுதுபட்டு மஃரிபுக்குப் பிறகு செய்னம்பு ராத்தா எங்கள் இறைச்சியில் ஆக்கிய கறியை ஒரு கோப்பையில் அனுப்பினார். மாமி தின்றார். உப்புக் குறைவு என்றார். நல்ல மாடு என்றும் சொன்னார்.

மறுநாள் பொட்டலம் கேட்டு ஒவ்வொருவராக வந்தார்கள். இடுப்பிலிருந்து திறப்பை எடுத்து எடுத்து மாமிக்கு அலுத்துவிட்டது. கடைசியில் அதைச் சுவரில் ஓர் ஆணியில் மாட்டினார். நான் அந்த வீட்டில் வேலையை விட்டு நிற்கும்வரை அது அந்த ஆணியில்தான் தொங்கியது.

பிள்ளைகளே, கேற்றடிக்குப் போய் இல்லை என்று சொல் என உங்களையும் ஒருநாள் அனுப்புவார்கள். சண்டை பிடிக்க வேண்டாம், வேலை போய்விடும். பொருள் எங்கே இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள். மிச்சத்தை, கேட்டு வந்தவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.