கரைவலைக் கயித்தில ஒரு கண் கிளினிக்

சிசிலியாவுக்குக் கெஞ்சத் தெரியாது. அதை முதலே சொல்லி வைக்கிறது நல்லம். தாழ்வுபாட்டுக்கு அங்கால இருக்கிற சின்னக் குடியிருப்பில கருவாடு காயப்போட்டு விக்கிற மனுசி. வயசு ஐம்பதைத் தொட்டிட்டுது. அவள் ஒரு சத்தம் போட்டால் காகம் அந்தப் பந்தல் பக்கம் எட்டியும் பாக்காது.

அப்பிடிப்பட்டவளுக்கு ஒரு காலத்தில காகம் எது கருவாடு எது எண்டு தெரியேல்லை. ரெண்டு கண்ணிலயும் வெண்படலம். மாதத்தில ஒரு சனிக்கிழமை முசலிப் பக்கத்தில இருந்து வானில வந்து இலவசமாக் கண் பாக்கிற ஒரு கூட்டம்தான் அவளைப் பிடிச்சிருத்திச் சோதிச்சது. பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிப் படலத்தை வெட்டுவிச்சதும் அவையள்தான். வீட்ட வந்தவள் முதல் வேலையாப் புருசன் கொலின்ஸின்ர முகத்தை வெளிச்சத்தில திருப்பிப் பாத்தாள்.

"என்னப்பா, நீங்கள் இவ்வளவு கிழடாப் போனதை எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே!"

"நீ பாக்கிற வரைக்கும் குமரனாத்தான் இருந்தனான்," எண்டான் கொலின்ஸ்.

அதில இருந்து அவள் கிளினிக்கின்ர ஆள். சம்பளம் கிடையாது. அங்க ஒருத்தருக்கும் கிடையாது. ஓய்வெடுத்த கண் டொக்டர் சிவராணியம்மா, கண்ணாடி அளவு பாக்கிற அஸீபா, வான் ஓடுற ஜுனைட் நானா, ஊருக்குள்ள ஆக்களை இழுத்துக்கொண்டு வாற சிசிலியா. கிளினிக் எண்டால் இவ்வளவுதான். இடம் மட்டும் ஊரின்ர. கடற்கரையில இருக்கிற பொதுமண்டபம்.

வில்லங்கம் அருளப்பு அண்ணையின்ர கண்ணில தொடங்கிச்சு.

அருளப்பு கிழிஞ்ச வலை பொத்துற மனுசன். கரைவலையும் ஆக்களும் வைச்சுத் தொழில் நடத்துற சம்மாட்டி பிலேந்திரனின்ர தமையன். அவரும் கிளினிக் அனுப்பித்தான் ஒரு கண்ணை வெட்டுவிச்சவர். மருந்துத்துளியைத் தவிரக் கண்ணில ஒண்டும் படக்கூடாது எண்டு ஆஸ்பத்திரியில சொன்னவை, அஸீபா மெல்லமாச் சொன்னவள், சிசிலியாவும் வாசலில வைச்சுச் சொன்னவள். கண் கொஞ்சம் கரிச்சதுதான் தாமதம், மனுசன் நேர கடலுக்குப் போய், குனிஞ்சு, ரெண்டு கையாலயும் அள்ளி வடிவாக் கழுவிப்போட்டார். தூண்டில் கிழிச்சாலும் திருக்கை குத்தினாலும் அந்தக் கரையில முதல் மருந்து கடல் தண்ணிதானே. பிறந்ததில இருந்து அவரின்ர எல்லாக் காயத்தையும் அதுதான் ஆத்தினது. கண் மட்டும் ஆறேல்லை. சீழ் வைச்சு, அந்தக் கண்ணில வெளிச்சமே இல்லாமப் போச்சு.

அவர் கழுவினதை ஒளிக்கவும் இல்லை. "ஓம், கழுவினனான்தான். கடல் தண்ணி ஆரைக் கெடுத்தது? இவங்கள்தான் பிழையாப் பாத்துப்போட்டாங்கள்," எண்டு ஊரெல்லாம் சொன்னார். ஊரும் தலையாட்டிச்சு. ஏன் ஆட்டாது? சோறு போடுற கடலைக் குறை சொல்லுறதைவிட வெளியால இருந்து வாற வானைக் குறை சொல்லுறது சுகம்.

மண்டபத்துக்குப் பொறுப்பு பிலேந்திரன். அடுத்த கிளினிக்குக்கு முதல்நாள் சிசிலியாவைக் கூப்பிட்டான்.

"நாளைக்கு மண்டபம் தரேலாது."

"ஏன், கூரை விழுந்திட்டுதோ?"

"பகிடி விடாத. கோயில் வாசலில நிண்டு, எங்கட கிளினிக்தான் அண்ணையின்ர கண்ணைக் கெடுத்தது எண்டு ஒரு வார்த்தை சொல்லு. திறந்து விடுறன். அதோட கதை முடிஞ்சுது."

"முடியாது சம்மாட்டி. அந்த வார்த்தையைக் கேட்டிட்டு அடுத்தவனும் கடலில போய்க் கண் கழுவுவான். அவனுக்கு ஆர் கோயில் வாசலில நிக்கிறது? நீங்களோ?"

"உனக்கு வாய் கூடிப்போச்சு."

"கண் தெரியேக்க வாயும் கொஞ்சம் கூடத்தான் செய்யும்."

சொல்லிப்போட்டு வந்தவளுக்கு வழியிலதான் கணக்கு விளங்கிச்சு. மண்டபம் போனால் கிளினிக்கும் போகும். ஊர் வேண்டாமெண்ட இடத்துக்கு டொக்டரம்மா எத்தினை தரம் வருவா? படலம் விழுந்து கிடக்கிறதுகள் அப்பிடியே கிடக்க வேண்டியதுதான்.

பின்னேரம் முழுக்க வீடு வீடாப் போனாள். "காசு கேக்கேல்லை. சாப்பாடு கேக்கேல்லை. காலமை வந்து மண்டபத்தடியில நில்லுங்கோ. ஊருக்கு இது வேணும் எண்டு சம்மாட்டி கண்ணால காணட்டும்." எல்லாரும் தேத்தண்ணி தந்தினம். வாறம் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை.

அவளோட சேந்து கருவாடு போடுற கிறேஸும் நழுவினாள். "எங்கட அவர் சம்மாட்டியின்ர வலை இழுக்கிறவர் அக்கா. நான் எப்பிடி வாறது?"

"உங்கட அவர் வலை ஊசியில நூல் கோக்க உன்னைத்தானே கூப்பிடுறவர்? அந்தக் கண்ணுக்குத்தான் கேக்கிறன்."

கிறேஸ் பானையைக் கிளறினாள். பானையில ஒண்டும் இல்லை.

சிசிலியா ஜுனைட் நானாவுக்குப் போன் போட்டாள். "நானா, மண்டபம் பூட்டுத்தான். ஆனால் வாங்கோ."

"எங்க புள்ள கடை விரிக்கிறது?"

"மண் இருக்குத்தானே. மண்ணைப் பூட்டேலாது."

விடிய வான் வந்து நிக்க, மண்டபத்தில பூட்டுத் தொங்கிச்சு. வாசலில ஒரு குருவியும் இல்லை. டொக்டரம்மா இறங்கவே யோசிச்சா. கரையில பிலேந்திரனின்ர கரைவலை இழுவை நடந்துகொண்டிருந்துது. சிசிலியா சீலையைத் தூக்கிச் செருகினாள்.

"வாங்கோ டொக்டரம்மா, கயிறு பிடிப்பம்."

"எனக்கு முழங்கால் நோ, சிசிலியா."

"கையாலதான் இழுக்கிறது."

அந்தக் கரையில ஒரு வழக்கம் இருக்கு. வலை இழுக்கேக்க வழியால போறவன் கயித்தில கை வைச்சாலும் தள்ளிவிடக்கூடாது. மீன் விழுந்த வலைமடி கரையேறினால் அவனுக்கும் பங்கு வைக்கவேணும். குடிகாரனோ கோவக்காரனோ, அது வேற கதை. கை வைச்ச ஆளைத் துரத்தின சம்மாட்டியின்ர கயித்தை அடுத்தநாள் ஒருத்தனும் தொடமாட்டான்.

சிசிலியா போய்க் கயித்தில தொங்கினாள். பின்னால டொக்டரம்மா, அஸீபா, ஜுனைட். இழுக்கிறவங்களுக்குச் சிரிப்பு வந்திட்டுது.

"டொக்டரம்மா, கயித்துக்கு நாடி பிடிக்காதேங்கோ, இழுங்கோ!"

"கயித்துக்குக் காய்ச்சல் இல்லை தம்பி, உமக்குத்தான் சோம்பல்," எண்டா டொக்டரம்மா மூச்சு வாங்கிக்கொண்டு.

பிலேந்திரன் கரையில இருந்த தன்ர வாடிக் கொட்டிலுக்குள்ள இருந்து பாய்ஞ்சு வந்தான். "சிசிலியா, கையை எடு!"

சிரிப்பு நிண்டுது. கயிறும் நிண்டுது. ஒருத்தனும் இழுக்கேல்லை. மடி நிறைய மீன் கடலுக்குள்ள கிடக்குது. பிலேந்திரன் கடலைப் பாத்தான், கயித்தைப் பாத்தான்.

"இழுங்கோடா," எண்டான் கடைசியில.

சூடையும் பாரைக்குட்டியுமா நல்ல மீன்பாடு. மண்ணில பங்கு பிரிக்கேக்க நாலு பேருக்கும் முகத்தைத் திருப்பிக்கொண்டு பங்கு வைச்சான்.

"மீன் வேண்டாம்," எண்டாள் சிசிலியா. "எங்கட பங்குக்குப் பொழுதுபடுமட்டும் உங்கட வாடி நிழலைத் தாங்கோ."

"பங்கெண்டால் மீன்தான். நிழல் இல்லை."

"சரி, மீனை எடுக்கிறம். வெயிலில இருக்கிறம். கயித்தில கை வைச்சவையைக் கரையை விட்டும் துரத்துவீங்களோ?"

அவன் வாடிக்குத் திரும்பி நடந்தான். கவிட்டுக் கிடந்த வள்ளத்தின்ர பக்கப்பலகையில கண் சோதிக்கிற எழுத்துப்பலகையைத் தொங்கவிட்டாள் சிசிலியா. கதிரை இல்லை, மீன்பெட்டிதான். கனநேரமா ஒருத்தரும் வரேல்லை. டொக்டரம்மா குடைக்குள்ள வேர்த்து ஒழுகினா. பிறகு கிறேஸின்ர புருசன் மீன் பையோட வந்து, "சும்மா பாக்கத்தான்," எண்டு பெட்டியில குந்தினான். மேல் வரியிலயே தடக்கினான். அஸீபா கண்ணாடியை மாத்தி மாத்திப் போட, கடைசி வரி வரைக்கும் கத்தி வாசிச்சான். அந்தச் சத்தம்தான் நோட்டீஸ். வரிசை சேரத் தொடங்கிச்சு.

அப்பதான் அருளப்பு வந்தார். வரிசை விலகிச்சு. மனுசன் பெட்டியில குந்தி சிசிலியாவைப் பாத்தார்.

"பிள்ளை, மற்றக் கண்ணும் மங்குது. பாக்கட்டும். ஆனால் ஒண்டு. போன கண் கடல் தண்ணியால போகேல்லை எண்டு இதில வைச்சு நீ சொல்லவேணும்."

வரிசை முழுக்கக் காதாகிட்டுது. வாடி வாசலில பிலேந்திரனும் நிக்கிறான். ஒரு 'ஓம்' போதும், மண்டபம் திறக்கும். டொக்டரம்மா அவளின்ர கையைத் தொட்டு, "விடுங்கோ சிசிலியா, வயசான மனுசன்," எண்டு மெல்லச் சொன்னா.

"மாட்டன் அண்ணை," எண்டாள் சிசிலியா. "கடல் தண்ணியாலதான் போனது. எனக்கும் அதே கடல்தான் சோறு போடுது. ஆனால் வெட்டின கண்ணுக்கு அது ஆகாது. மற்றதையும் வெட்டிப்போட்டு அங்கதான் போய்க் கழுவுவீங்களெண்டால் இப்பவே எழும்புங்கோ."

அருளப்பு எழும்பினார். கடலைப் பாத்துக்கொண்டு நிண்டார். வாய்க்குள்ள என்னவோ பேசினார், நல்ல பேச்சில்லை. பிறகு திரும்பி வந்து பெட்டியிலயே குந்தினார்.

"அப்ப எதாலயடி கழுவுறது?"

"ஒண்டாலயும் கழுவக்கூடாது, பெரியவர்," எண்டாள் அஸீபா.

"நீ மெல்லமாச் சொல்லுறாய் மகள். அண்டைக்கும் மெல்லமாத்தான் சொன்னனீ. இவளைச் சொல்லச் சொல்லு. கத்திச் சொல்லட்டும். இஞ்ச நிக்கிறவங்களும் நாளைக்குக் கழுவத்தான் போறாங்கள்."

மண்டபம் அண்டைக்குத் திறக்கேல்லை. சிசிலியா வள்ளத்தில ஏறி வரிசையைப் பாத்து நிண்டாள். "எல்லாரும் கேளுங்கோ!" எண்டு தொடங்கினவள், வாடி வாசலில நிக்கிறவனுக்கும் கேக்கவேணுமெண்டு குரலை இன்னும் ஒரு படி ஏத்தினாள்.