பெலும் ஜாடி

குளிக்கப் போனாலும் லோஷினியின் காது கூடத்தில்தான் இருக்கும். அழுதுகொண்டிருக்கும் குழந்தை சட்டென்று அடங்கிவிட்டால் போச்சு, பாதிக் குளியலில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஓடிவருவாள். நினைத்தது போலவே, ஆஸ்பத்திரியில் குழந்தையின் காலுக்கு மாட்டிவிட்ட பட்டி கழன்று பாயோரத்தில் கிடக்கும். குழந்தையின் இரண்டு கால்களும் நேராக நீட்டப்பட்டு, துணிக்குள் இறுக்கிச் சுற்றப்பட்டிருக்கும். மலர் பக்கத்தில் ஒன்றுமே நடக்காதது போல உட்கார்ந்திருப்பாள்.

மலர் அவளுடைய நாத்தனார், லோகேஸ்வரனின் அக்கா. ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து நடப்பாள். சின்ன வயதில் கீழே விழுந்ததில் அப்படி ஆகிவிட்டது என்று லோகேஸ்வரன் சொல்லிவைத்திருந்தான். பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாம் அந்த நடையைப் பார்த்துவிட்டுப் போனவர்கள்தான். "தா ஜாடி", ஆகவில்லை, என்று மலரே மலாயில் சிரித்துக்கொண்டு சொல்லுவாள். கைகூடாமல் போன காரியம் எதுவானாலும் அந்த வீட்டில் அதுதான் பேச்சு.

லோஷினியோ தங்காக் டவுன் ஜவுளிக்கடையில் சேலை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தவள். கடையையே பிரித்துப் போடச் சொல்லிவிட்டு ஒரு கைக்குட்டைகூட வாங்காமல் போகிறவர்களிடமும் முகம் சுளிக்கமாட்டாள் என்று பெயரெடுத்தவள். அம்மா இல்லாததால் பிரசவத்துக்கும் யோங் பெங்கில் புகுந்த வீடே கதியாயிற்று. சேர்த்துவைத்த பொறுமையெல்லாம் இந்த ஒரு மாதத்தில் கரைந்துபோனது.

குழந்தை வயிற்றில் கடைசிவரை தலை திரும்பாமலே இருந்தது. பிறந்ததும் டாக்டரம்மா காலை மடக்கி விரித்துப் பார்த்தார், முகம் மாறிவிட்டது. தொடை எலும்பின் உருண்டைத் தலை இடுப்புக் குழிக்குள் சரியாக உட்காரவில்லை. வீட்டில் வேறு யாருக்காவது இடுப்பில் கோளாறு உண்டா என்று கேட்டதற்கு லோகேஸ்வரன் இல்லை என்று தலையாட்டினான். தவளை மாதிரி காலை மடக்கி அகட்டி வைக்கிற பட்டியொன்றை மாட்டிவிட்டு, குளிப்பாட்டக்கூட இதைக் கழற்றக் கூடாது என்றார் அவர்.

லோஷினி பயந்துபோய்த் துருவித் துருவிக் கேட்டாள். வயிற்றுக்குள் கால் எலும்பு முதலில் குருத்தெலும்பாகத்தான் உண்டாகிறதாம். நடுவில் கெட்டிப்படத் தொடங்கி, மெல்ல மெல்ல நுனிக்குப் போகுமாம். பிறக்கும்போது அந்த உருண்டை இன்னும் குருத்துதான், எக்ஸ்ரே எடுத்தாலும் தெரியாது, ஸ்கேன்தான் பண்ண வேண்டும். "துலாங் பெலும் ஜாடி" என்றார் மலாயில், எலும்பு இன்னும் ஆகவில்லை. இளசாக இருக்கும்போதே குழிக்குள் நிறுத்திவைத்தால் குழியும் அதற்கு ஏற்றபடி ஆழமாகும். விட்டுவிட்டால் இடம் தப்பியே வளர்ந்து கெட்டிப்படும், பிறகு மயக்க மருந்து கொடுத்து மார்பிலிருந்து கால்வரை மாவுக்கட்டுப் போட வேண்டிவரும்.

இதையெல்லாம் மலரும் கூட நின்று கேட்டாள். கேட்டதில் 'பெலும்', அந்த 'இன்னும்', மட்டும் அவள் காதில் ஏறவில்லை.

"ஜாடி ஆகலேன்னு அவங்களே சொல்லிட்டாங்க. எலும்பே இல்லாத இடத்துல என்னத்தப் போயி மாட்டுறது? துணியில நல்லா சுத்தி பெடோங் கட்டணும். அப்பதான் கால் நேரா வரும்."

"அக்கா, ஆகலேன்னுதான் இப்பவே மாட்டச் சொல்றாங்க. நீட்டிக் கட்டுனா வெளிய வந்துரும்."

"அலமாக், எத்தனை புள்ளைங்களுக்கு கட்டியிருக்கேன் நான்."

சிங்கப்பூரில் கிரேன் ஓட்டும் லோகேஸ்வரன் ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டுக்கு வருவான். போனில் சொன்னால், "அக்கா பாசத்துல செய்யுது, விடு லா" என்பான். இவள் பட்டியை மாட்டுவதும் அவள் கழற்றுவதுமாகவே நாள் போயிற்று. சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது லோஷினிக்கு. கத்தினால் பச்சை உடம்புக்காரி கத்தக் கூடாது என்று மலர் கஷாயம் கொண்டுவந்து நீட்டுவாள். அந்தக் கஷாயத்தைப் பார்த்தாலே இன்னும் எரிச்சல் வந்தது.

மறு ஸ்கேனுக்கு மலர்தான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சாய்ந்து சாய்ந்து முன்னால் நடந்தாள். டாக்டரம்மா படத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். உருண்டை இன்னும் வெளியேதான் நிற்கிறது. பட்டியைக் கழற்றினீர்களா என்று லோஷினியைப் பார்த்துக் கேட்டார். இத்தனை நாள் அடக்கிவைத்ததையெல்லாம் கொட்டிவிட அவள் வாயைத் திறந்தாள்.

மலர் முந்திக்கொண்டாள். நான்தான் கழற்றினேன் என்று மலாயிலேயே சொன்னாள். செடெனாக் எஸ்டேட்டில் அம்மா ரப்பர் பால் வெட்டப் போய்விடுவாளாம். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் இவளைக் காலைச் சேர்த்துக் கட்டாமல் விட்டுவிட்டார்களாம். அதனால்தான் தன் கால் இப்படி ஆயிற்று, இந்தப் பிள்ளைக்கும் ஆக விடமாட்டேன் என்றாள்.

லோஷினி திறந்த வாயை மூடவில்லை. கீழே விழுந்ததில் ஆனது என்றல்லவா லோகேஸ்வரன் சொல்லியிருந்தான்.

டாக்டரம்மா திட்டவில்லை. மலரைக் கட்டிலில் படுக்கச் சொல்லி, முழங்காலை மடக்கி அகட்டிப் பார்த்தார். கால் ஓரளவுக்கு மேல் விரியவில்லை. எக்ஸ்ரே எடுத்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும், ஆனால் இதுவும் அதே கோளாறாகத்தான் தெரிகிறது என்றார். கட்டாமல் விட்டதால் வந்ததில்லை, பிறக்கும்போதே இருந்திருக்கும், அன்றைக்கே பார்த்திருந்தால் சரியாகியிருக்கலாம்.

"அப்ப எனக்கும் ஒரு பட்டி மாட்டுங்க" என்றாள் மலர். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள்.

டாக்டரம்மா அவள் காலை மெல்ல இறக்கிவைத்தார். "காக்காக் பூஞா சுடா ஜாடி." அக்காவுடையது எலும்பாகிவிட்டது.

மறுநாள் லோஷினி குளித்துக்கொண்டிருந்தபோது குழந்தையின் அழுகை சட்டென்று நின்றது. பழக்கதோஷத்தில் துண்டோடு ஓடிவந்தாள். பட்டி கழற்றப்படாமல் அப்படியே இருந்தது. மலர் குனிந்து, கையால் தொடாமல், குழந்தையின் முகத்துக்கு நேராக ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். கட்டுகிற துணி மடித்து அலமாரி மேல் ஏறியிருந்தது. லோஷினிக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை, ஆனால் அதை யார்மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை. அந்தத் தவிப்பில் கண்ணில் நீர் வந்துவிட்டது.

மலர் நிமிர்ந்து பார்த்தாள்.

"லோஷினி, இவளுக்கு இன்னும் பெலும்தானே?"

"பெலும்தான்க்கா."