பல்லிடுக்கில் ஒரு கராம்பு

எண்பத்தெட்டாம் ஆண்டின் இலையுதிர்காலம் முழுக்க என் வலது கன்னம் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. கனடாவில், ஸ்காபரோவின் வோபர்னில் நாங்கள் குடியிருந்த மாடிக்கட்டடத்து லிஃப்டில் ஏறுகிறவர்கள் முதலில் என் கன்னத்தைப் பார்ப்பார்கள், பிறகு என் மனைவியைப் பார்ப்பார்கள். அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியாது. "நானில்லை அன்ரி, துவக்கு" என்று ஒருநாள் சொல்லியே விட்டாள். அன்ரி அடுத்த மாடியிலேயே இறங்கிக்கொண்டா.

அந்தத் துவக்கு, மான் சுடுகிற துப்பாக்கி, என்னுடையதல்ல. நான் வேலைசெய்த அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் மெஷின் திருத்துகிற மட்டக்களப்பு நண்பனுடையது. என் வயதுதான், ஆனால் எழுபதுகளிலேயே வந்து, இந்த நாட்டுக் குளிரைத் தன் சொந்தக் குளிர் போலப் பேசுகிறவன். ஒவ்வொரு நவம்பரும் அவனும் இன்னும் நாலைந்து பேரும் லீவு போட்டு வடக்கே மான் வேட்டைக்குப் போவார்கள். போய்வந்தால் பனி கரையும்வரை மத்தியானச் சாப்பாட்டு மேசையில் அதே கதை. உறைந்த ஏரி, சுள்ளி முறிந்த சத்தம், தவறிப்போன கொம்பன் மான். நான் சோற்றுப் பெட்டியோடு மேசை ஓரத்தில் இருந்து கேட்பேன். அந்தக் கதைக்குள் ஒருமுறையாவது நானும் நடக்க வேண்டும். அந்த ஆசை பசியைப் போல என்னைப் பிடித்துக்கொண்டது. வேட்டை வகுப்புக்குப் போனேன், சோதனையும் பாஸ் பண்ணினேன்.

நண்பன் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று. நூறு கெஜத் தூரத்தில் ஒரு கடதாசிப் பிளேட். மூன்று வெடி. மூன்றும் பிளேட்டுக்குள்.

"இல்லாட்டியும் கூட வா மச்சான். வந்து கோப்பி போடு. மானுக்கு மட்டும் சுடாத. காயத்தோட ஓடி எங்கயோ கிடந்து சாகும். அந்தப் பாவம் நமக்கு வேணாங்கா."

விட்பி நகருக்கு வடக்கே, அவனுக்குத் தெரிந்த ஒருவரின் பண்ணைக் காணியில் சரளைக்கல் தோண்டியெடுத்துக் கைவிட்ட கிரவல் கிடங்கு ஒன்று, பெரிய பள்ளமாய் இருந்தது. சனிக்கிழமைகளில் அங்கே போவோம். முதல் வெடியில் தோள் கழன்றது போலிருந்தது. துவக்கின் பின்கட்டை மேலெழும்பிக் கன்னத்தில் ஓங்கி அறைந்தது. இரண்டாவது வெடிக்கு முன்பே என் உடம்பு வரப்போவதை அறிந்துகொண்டது. விரல் விசையில் இறுகுமுன் கண் மூடியது, தோள் பின்னுக்கு இழுத்தது, குண்டு எங்கேயோ மண்மேட்டில் புகுந்தது.

"குண்டு போறதுக்கு முதல் நீ போறாய் மச்சான்!"

அவனும் தன்னால் ஆனதையெல்லாம் செய்துபார்த்தான். கட்டையின் முனைக்குத் தடித்த றப்பர் உறை மாட்டினான். என் குளிர்ச்சட்டைக்குள் துவாயை மடித்து வைத்தான். காதுக்குள் அடைப்பான், அதன்மேல் மூடி. சின்னத் துவக்கில் பெட்டி பெட்டியாகச் சுடவைத்தான். அதில் நான் ராஜா. விட்பியில் தான் புதிதாய் வாங்கிய வீட்டின் கராஜில் வெறும் துவக்கைப் பிடிக்கவைத்து, குழல்மேல் இருபத்தைந்து சதக் காசை வைப்பான், கலைமான் தலை பொறித்த பக்கம் மேலே தெரிய. விசையை அழுத்தினாலும் மான் விழக்கூடாது. விழவில்லை. தோட்டா இல்லாத துவக்கோடு நான் கோயில் சிலை போல இருந்தேன். பெரிய துவக்கில் தோட்டா ஏறினால்தான் சிலைக்கு உயிர் வந்துவிடும்.

ஒக்டோபர் கடைசியில், இந்தக் கூத்தைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்று மனைவியும் வந்தாள். எனக்குச் சற்றுப் பின்னே, வலப்பக்கமாய், மடக்குக் கதிரையில் தேநீர்ப் பிளாஸ்க்கோடு இருந்தாள்.

அன்றைக்கு நண்பன் புது வித்தை ஒன்று கொண்டுவந்திருந்தான். மருந்தில்லாத பொய்த் தோட்டாக்கள் சில. நான் மறுபக்கம் பார்த்திருக்க, உண்மையோ பொய்யோ ஒன்றை ஏற்றித் தருவான். முதலாவது, டிக். வெடிக்கவில்லை. ஆனால் குழல் நிலத்தைப் பார்த்துக் குத்தியது. ஒன்றுமே நடக்காததற்கு என் தலை பின்னுக்கு வெட்டியது. நண்பன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அடுத்ததும் பொய். அதேதான். அவன் இன்னும் சிரித்தான். மனைவி சிரிக்கவில்லை. எழுந்து வந்தாள்.

"இஞ்சேரப்பா, நீங்கள் வாயைத் திறக்கிறியள்."

"என்ன வாய்?"

"அமத்தமுதல் ஆவெண்டு திறக்கிறியள். ஷெல் வரேக்க திறக்கிற மாதிரி."

நண்பன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். முன்னமே வந்தவனுக்கு அது தெரியாது. எண்பத்தாறில் நாங்கள் புறப்படும்வரை யாழ்ப்பாணத்தில் எல்லோருக்கும் மனப்பாடமான பாடம் அது: முகாமிலிருந்து இராணுவம் ஷெல் ஏவும் சத்தம் கேட்டால் குப்புறப் படு, காதைப் பொத்து, வாயைத் திற. மூடியிருந்தால் காதுச்சவ்வு கிழிந்துவிடும். பதுங்கு குழிக்குள் சிலர் தடித்துண்டைக் கடித்துக்கொண்டு கிடப்பார்கள், மறந்தும் வாய் மூடாதிருக்க. நான் கனடா வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. என் தாடை இன்னும் வந்து சேரவில்லை. வாய் திறந்ததும் கன்னம் கட்டையை விட்டு விலகும். விலகிய அந்த இடைவெளிக்குள் ஓடிவந்துதான் துவக்கு இத்தனை நாளும் என்னை அறைந்தது.

மனைவி கைப்பையைத் துழாவினாள். என் பல்வலிக்கென்று எப்போதும் அதற்குள் கிடக்கும் கராம்பு.

"இதைக் கடைவாய்ப் பல்லுக்க வையுங்கோ. கடிக்காதேங்கோ. விழவும் விடாதேங்கோ."

"இதென்ன, கறிக்கா, துவக்குக்கா?" என்றான் நண்பன்.

"ரெண்டுக்கும்தான் அண்ணை. நீங்கள் மானைக் கொண்டுவாங்கோ, மிச்சத்தை அதுக்குப் போடுறன்."

பொய்த் தோட்டா. டிக். குழல் அசையவில்லை. இன்னொன்று, டிக். நண்பன் சிரிப்பை நிறுத்தியிருந்தான். பிறகு புதுப் பிளேட் ஒன்றை ஆணியில் குத்திவிட்டு வந்தான். "இப்ப சோதனை. மூண்டும் உண்மை" என்றான்.

கட்டையைத் தோள்குழிக்குள் இழுத்து, கன்னத்தை அதில் அழுத்தினேன். குளிர்ந்த மரம். நாக்கோரம் மெல்ல எரிந்தது. மூச்சுப் பாதி போனது, விசையை அழுத்தினேன். ஸ்காபரோ பஸ்சில் பின்னால் நிற்பவர் இறங்கும் அவசரத்தில் தோளைத் தள்ளுவாரே, அப்படி ஒரு தள்ளு, அவ்வளவுதான். இவ்வளவு நாளும் இதற்கா பயந்தேன்? இன்னொன்று. இன்னொன்று.

துவக்கைத் திறந்து கீழே வைத்துவிட்டுப் பெருமையோடு மனைவியைத் திரும்பிப் பார்த்தேன். இரண்டு காதிலும் விரல். வாய் அகலத் திறந்திருந்தது.

"உமக்கும் ஒரு கராம்பு தரட்டோ?"

சட்டென்று மூடினாள். "எனக்கென்னத்துக்கு? நான் மான் சுடப் போறேல்லை."

நண்பன் பிளேட்டோடு வந்தான். இரண்டு ஓட்டை நடுவில். மூன்றாவது, ஓரத்து நெளிவைக் கிழித்திருந்தது.

"இது விளிம்பு மச்சான்."

"விளிம்பும் பிளேட்தான் அண்ணை," என்றாள் மனைவி. "அதில சோறு போட்டா நீங்கள் சாப்பிடமாட்டியளோ?"

அந்த நவம்பரில் நானும் போனேன். மூன்றாம் நாள் காலை, தேவதாரு மரங்களுக்கிடையில் ஒரு மான் வந்து நின்றது. நான் சுட்டேன். வெடித்தது எனக்குக் கேட்டதாகவே நினைவில்லை. மான் நின்ற இடத்திலேயே மடிந்தது, ஓடவில்லை. தொழிற்சாலைச் சாப்பாட்டு மேசையின் நடுவில் என் கதையும் ஒரு குளிர்காலம் ஓடியது. மனைவி சொன்னபடியே மிச்சக் கராம்பைக் கறிக்குப் போட்டாள். அந்தத் துவக்கை நான் பிடித்துப் பல வருடமாகிவிட்டது. கராம்பு மணம் வந்தால் மட்டும் இன்றைக்கும் கிரவல் கிடங்கின் ஈரக் காற்று முகத்தில் வந்து படும்.

ஜூலை முதலாம் திகதி, கனடா தின வாணவேடிக்கைக்குப் பல்கனியில் குடும்பமாய் நிற்போம். முதல் வெடிக்கு என் பல் தானாக இறுகும். பக்கத்தில் அவள் வாய் திறந்திருக்கும். "அம்மாவைப் பாருங்கோ, வாணத்தைப் பார்த்து வாய் பிளந்துபோய் நிக்கிறா" என்று பிள்ளைகள் சிரிப்பார்கள். ஓம் என்று நானும் தலையாட்டுவேன்.