சுலோசனா நகருக்குள் ஓடிய வாய்க்கால்

அமராவதிக்கு மறக்கத் தெரியாது. மரக்காணம் உப்பளத்து வேலைக்காரர்கள் குடியிருக்கும் தெருவில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். கறிக்கடைக்காரர் ஒருமுறை அவளுக்கு வெறும் எலும்பாக நிறுத்துப் போட்டார். அவள் வாயைத் திறக்கவில்லை. அந்தத் தீபாவளிக்குத் தெரு முழுவதையும் வேறு கடைக்குத் திருப்பிவிட்டாள். சொந்தக்காரர் ஒருவர் கல்யாணப் பந்தியில் அவளை எழுப்பிவிட்டு வேறு யாரையோ உட்காரவைத்தார். அதற்குப் பிறகு அந்த வீட்டு விசேஷம் ஒன்றைக்கூட அவள் விடவில்லை. எல்லாவற்றுக்கும் போய், முதல் பந்தியில் உட்கார்ந்து, வயிறாரச் சாப்பிட்டு, மொய் எழுதாமல் வந்தாள். சில்லறைக் கோபங்களுக்கே இந்தப் பாடு என்றால், புருஷன் சாவுக்குக் காரணமானவரை அவள் சும்மா விடுவாளா?

புருஷன் பெயர் முருகையன். உப்பள முதலாளி தெய்வசிகாமணியிடம் டிராக்டர் ஓட்டியவன். தெய்வசிகாமணி உப்புக்கு மட்டும் முதலாளி இல்லை, ஊரின் வாயும் அவர்தான். தாசில்தார் வந்தாலும் சரி, பத்திரிகைக்காரர் வந்தாலும் சரி, "எங்க ஊர்ல எல்லாருக்கும் ஒரே கருத்துதாங்க" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் வந்து நிற்பார். அந்த ஒரே கருத்து அவருடையதாக இருக்கும்.

தெருவில் விழும் மழைத் தண்ணீரைக் கழுவெளிச் சதுப்புக்குக் கொண்டுபோகும் வாய்க்கால் அவருடைய நிலத்தின் நடுவே ஓடியது. கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் மனை விலை ஏறியதும் அதைத் தூர்த்து, கல் நட்டு, கலர்க் கொடி கட்டி, பெண்டாட்டி பெயரில் 'ஸ்ரீ சுலோசனா நகர்' என்று நுழைவு வளைவும் வைத்துவிட்டார். அடுத்து வந்த கார்த்திகைப் புயலில் தண்ணீர் போக வழியில்லாமல் தெருவுக்குள் ஏறியது. முருகையன் மண்வெட்டியோடு போய், தூர்த்த இடத்தை வெட்டித் திறக்கப் பார்த்தான். மண் சரிந்தது, தண்ணீர் இழுத்துக்கொண்டது. மழை விட்ட பிறகு மனைக்கல் ஒன்றில் சிக்கிக் கிடந்தவனைத்தான் தூக்கி வந்தார்கள்.

விசாரிக்க வந்தவர்களிடமும் ஊர் சார்பில் தெய்வசிகாமணிதான் பேசினார். "குடிகாரங்க அவன். போதையில தண்ணில வுழுந்துட்டான்" என்றார். அதோடு முடிந்தது. கிளியனூரில் கட்டிக்கொடுத்த மகள் பூவிழிக்கு, குழம்பில் உப்பு கூடினாலும் குறைந்தாலும், 'குடிச்சுச் செத்தவன் பொண்ணு' என்ற பட்டம் கிடைத்தது. மகள் போனில் அழும்போதெல்லாம் அமராவதி ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொள்வாள். மறுநாள் அதே தெய்வசிகாமணியின் அளத்தில் உப்புக் கூடை சுமப்பாள். அவரைக் கண்டால் சொருகிய சேலையை இறக்கிவிட்டு ஒதுங்கி நிற்பாள். ஆறிவிட்டாள் என்று ஊர் நினைத்தது. ஆறவாவது! அவள் சமயம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சமயம் ஒரு ஸ்கூட்டியில் வந்தது. சென்னையில் ஒரு கல்லூரியிலிருந்து ரேணுகா என்ற பெண். கடலோரத்துக்கு அரசாங்கம் புதிதாக ஒரு வட்டாரத் திட்டம் போடுகிறதாம். எங்கே ரோடு வரும், எங்கே வீடு கட்டலாம், தண்ணீர் எந்த வழியே போகும் என்று வரைபடத்தில் கோடு போடுவார்களாம். அதற்கு முன்னால் அங்கே வாழ்கிற ஜனங்கள் என்ன சொல்கிறார்கள் என்று உட்கார்ந்து கேட்டு எழுதிக் கொடுப்பது அவள் வேலை. வழக்கம்போல் தெய்வசிகாமணி முன்னால் வந்து நின்று ஒரே கருத்தை எடுத்துவிட்டார். ரேணுகா பொறுமையாகக் கேட்டு, அவர் வாங்கி வைத்த ஜூஸைக் குடித்து, "ரொம்ப நன்றிங்க ஐயா, இனிமே வீடு வீடா போய்ப் பேசறேன்" என்றாள். ஐயாவின் முகம் சுருங்கியதை அமராவதி தூரத்திலிருந்தே பார்த்துவிட்டாள். அன்று அவளுக்கு இரண்டு கவளம் சோறு கூடுதலாக இறங்கியது.

"பேசினவங்க பேரு, பேசப்பட்டவங்க பேரு எதுவும் எழுத மாட்டாங்களாம்கா. பேரே இல்லாம பழி வாங்கறது எப்பிடி?" என்று கேட்டாள் திரௌபதி. அமராவதியோடு ஜோடி போட்டுக் கூடை தூக்குபவள் அவள். "கோடு போடுவாங்க இல்ல, அது எங்க போகுதுன்னு பாரு" என்றாள் அமராவதி.

உப்பளத்தில் ஒரு வழக்கம் உண்டு. அதிகாரி யாராவது வருகிறார் என்றால் மேஸ்திரி எல்லோரையும் வரப்பில் கூட்டி ஒரு பதிலைச் சொல்லிக் கொடுப்பார். 'செருப்பு குடுக்கறாங்க, கண்ணாடி குடுக்கறாங்க, குறை ஒண்ணும் இல்லீங்க.' யாரைக் கேட்டாலும் இதையே ஒரு சொல் பிசகாமல் சொல்ல வேண்டும். ஒருவர் மாற்றிச் சொன்னாலும் எல்லோருக்கும் ஆபத்து. அமராவதி கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்ததிலிருந்து கூடை சுமக்கிறாள். பேச்சு எடுபட வேண்டுமென்றால் எல்லோரும் ஒரே மாதிரி பேச வேண்டும் என்பதுதான் அவள் கண்டது. ஆகவே அவளும் மேஸ்திரியானாள். வீடு வீடாகப் போய்ப் பாடம் எடுத்தாள்.

"தெய்வசிகாமணி மொதலாளி வாய்க்காலைத் தூத்துட்டாரு, அதனாலதான் தண்ணி வந்துச்சு, முருகையன் செத்தாரு." இதுதான் பாடம். திரௌபதி கடைசியில் "அவரு வெளங்குவாரா?" என்று தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தாள். அமராவதி அதட்டி அதை வெட்டினாள்.

தெரு அவளைக் கைவிடவில்லை. ரேணுகா போன வீட்டிலெல்லாம் பாடம் பிசகாமல் வந்தது. அடுப்படியில் வந்தது, குழாயடியில் வந்தது, பேரனுக்குப் பால் கொடுத்துக்கொண்டே ஒருத்தி சொன்னாள். ரேணுகா அமராவதியைத் தேடி வந்தபோது முகம் தொங்கிப்போயிருந்தது.

"அக்கா, ஒண்ணு கேட்டா கோவிச்சிக்கக் கூடாது. இவங்களுக்கெல்லாம் நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?"

"ஆமா" என்றாள் அமராவதி பெருமையாக. "ஒருத்தராவது மாத்திச் சொன்னாங்களா?"

"அதாங்க்கா பிரச்சினை. ஒரு விஷயத்தைப் பத்து பேரு பாத்தா பத்து மாதிரிதானே சொல்லுவாங்க? இவங்க எல்லாரும் ஒரே வார்த்தை. எங்க பெரிய மேடம் இதைப் படிச்சாங்கன்னா, யாரோ கோவத்துல சொல்லிக் குடுத்ததுன்னு மொத்தமா ஓரம் வச்சிடுவாங்க."

"கோவம்தான். பின்ன இல்லையா?"

"சரிக்கா. யாரு மூடினாங்க, எப்ப மூடினாங்க, எதைப் போட்டு மூடினாங்கன்னு அடுத்த கேள்வி கேட்டா ஏன் எல்லாரும் என்னைப் பாக்காம உங்க வீட்டைப் பாக்கறாங்க?"

அதற்கான பதில் அமராவதிக்குத் தெரியும். சொல்ல முடியாத பதில் அது. தூர்க்கச் சொன்னவர் தெய்வசிகாமணி. டிராக்டரில் மண் அடித்துத் தூர்த்தவன் முருகையன். அவள் புருஷன்தான் ஒவ்வொரு நடையாகக் கொட்டி, டிராக்டரை மேலே ஏற்றி மிதித்து, அந்த வாய்க்காலைத் தரையோடு தரையாக்கினான். தெருவே பார்த்திருந்தது. அந்த ஒன்றைப் பாடத்திலிருந்து எடுத்துவிட்டுத்தான் அமராவதி பாடத்தையே எழுதியிருந்தாள்.

"ஞாயித்துக்கிழமை மாரியம்மன் கோயில் எதிர்ல எல்லாரும் சேந்து ஊர்ப் படம் வரையப் போறோம். அதோட என் வேலை முடிஞ்சுது. அன்னிக்கும் இதையே சொன்னா வாய்க்கால் வரைபடத்துல வராதுக்கா" என்று சொல்லிவிட்டு ரேணுகா ஸ்கூட்டியைக் கிளப்பினாள். அமராவதிக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பெண்ணை, அவள் கல்லூரியை, பெரிய மேடத்தை எல்லாம் வரிசையாகத் திட்டித் தீர்த்தாள். திட்டி முடித்த பிறகும் கேள்வி அங்கேயே இருந்தது.

தெய்வசிகாமணிக்குச் செய்தி போகாமல் இருக்குமா? சனிக்கிழமை வெயில் ஏறும் நேரத்தில் அளத்துக்கு வந்து, அமராவதி கூடையோடு வருகிற வரப்பில் பைக்கை நிறுத்தினார்.

"ஏம்மா அமராவதி, என் சோத்தைத் தின்னுக்கினு எனக்கே குழி வெட்டறியாமே? வெட்டு. ஆனா மண்ணு கொட்டினது யாருன்னு அந்தச் சென்னைப் பொண்ணு கிட்ட நான் சொன்னா இன்னா ஆவும்? குடிச்சுச் செத்தவன்னுதான் இப்ப சொல்றாங்க. ஊரையே முழுக அடிச்சவன்னு நாளைக்குச் சொல்லுவாங்க. கிளியனூர்ல உன் பொண்ணு தலை நிமிருமா, யோசிச்சுப் பாத்துக்கோ."

அவள் தலையில் கூடை இருந்தது. அதை இறக்காமல், ஒதுங்காமல், அவர் பைக்கைச் சுற்றிக்கொண்டு பாத்திக்குள் இறங்கி நடந்தாள். உப்புத் தண்ணீர் கால் வெடிப்பில் எரிந்தது. இந்த ஆளுக்கு நாம் பயப்படுவது அவரிடம் இருக்கும் ஒரே ஒரு விஷயத்தால்தான் என்று அப்போது அவளுக்குத் தோன்றியது. அதைப் பிடுங்கிவிட்டால் அந்த ஆளிடம் வேறு என்ன இருக்கிறது? அன்று மாலை வீடு வீடாகப் போய், "நான் சொல்லிக் குடுத்ததை மறந்துடுங்க. நாளைக்கு உங்க வாய்க்கு வந்ததைச் சொல்லுங்க" என்றாள். தெரு முழித்தது.

ஞாயிற்றுக்கிழமை ரேணுகா கோலமாவு டப்பாக்களைக் கொடுத்தாள். பெண்கள் தெருவில் உட்கார்ந்து ஊரை வரைந்தார்கள். கோயில் வந்தது, அளம் வந்தது, ரேஷன் கடை வந்தது, யார் வீட்டு வாசல் பெரிது என்று ஒரு சண்டையும் வந்தது. தெய்வசிகாமணி பிளாஸ்டிக் நாற்காலியில் கால்மேல் கால் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். மாவு சுலோசனா நகர்ப் பக்கம் வந்ததும் கைகள் எல்லாம் நின்றன.

அமராவதி டப்பாவை வாங்கினாள். தெருக்கோடியிலிருந்து கழுவெளி வரைக்கும், வளைவுக்குக் குறுக்கே, ஒரே கோடாக இழுத்தாள். பிறகு நிமிர்ந்து நின்றாள்.

"இது வாய்க்காலு. தூக்கச் சொல்லல, தூத்துடச் சொன்னது இவரு வாயி. மண்ணு கொட்டித் தூத்தது எங்க வூட்டுக்காரரு கையி. நான்தான் சோறு கொண்டுபோயிக் குடுத்தேன். வாய்க்காலாச்சே, தண்ணி எங்க போவும்னு நானும் கேக்கல, அவரும் கேக்கல. புயல் அன்னிக்கு அவரு குடிச்சுதான் இருந்தாரு. குடிக்காம எவன் அந்தத் தண்ணில எறங்குவான்? ஆனா வுழுறதுக்குப் போகல. தான் மூடினதைத் தானே தொறக்கப் போனாரு."

புருஷனைத் தன் கையாலேயே இன்னொரு தடவை தண்ணீரில் தள்ளியதுபோல் இருந்தது அவளுக்கு. எதிர்வீட்டு அஞ்சம்மாள்தான் முதலில் எழுந்தாள்.

"உனுக்காகத்தான்டி நாங்க சொல்லாம இருந்தோம், அமராவதி. தாலி அறுத்தவகிட்ட போயி உன் புருஷன்தான் மூடினான்னு எந்த வாயால சொல்றது? அன்னிக்கு விடிகாலையில எங்க வூட்டு மண்வெட்டியைத்தான் வாங்கிக்கினு போனாரு. 'நான் போட்ட மண்ணு, நானே வாரிடறேன்'னு சொன்னாரு. சாமி சத்தியமா சொன்னாரு."

அமராவதி இதைக் கேட்டதே இல்லை. இத்தனை நாளும் முதலாளிக்குப் பயந்துதான் தெரு வாயை மூடிக்கொண்டிருக்கிறது என்று நினைத்திருந்தாள். தெரு மூடியிருந்தது அவள் முகத்துக்காக. அந்தத் தயவு இனி தேவையில்லை என்றதும் பேச்சு பொத்துக்கொண்டு வந்தது. டிராக்டர் சேற்றில் மாட்டியபோது முதலாளி குடையோடு நின்று "இன்னும் ரெண்டு லோடு கொட்டுடா" என்று கத்தியதைத் திரௌபதி நடித்தே காட்டினாள். வாய்க்கால் வேப்பமரத்துக்குக் கிழக்கே போனதா மேற்கே போனதா என்று இரண்டு பேர் அடித்துக்கொண்டார்கள். தன் மருமகளைப் பிரசவத்துக்குப் புதுச்சேரிக்கு அவருடைய காரிலேயே கொண்டுபோன புண்ணியவான் என்று ஒருத்தி தெய்வசிகாமணியைப் புகழ்ந்தாள்; புகழ்ந்த அதே மூச்சில், மண் கொட்டும்போது வாய்க்காலில் கணுக்கால் தண்ணீர் ஓடியதையும் சொன்னாள். ஒருவர் சொன்னது போல் இன்னொருவர் சொல்லவில்லை. ரேணுகா தலை நிமிராமல் எழுதினாள்.

தெய்வசிகாமணி நாற்காலியிலிருந்து எழுந்தார். "அவளே ஒத்துக்கினா பாத்தீங்களா? மூடினது அவ புருஷன்தான்!"

"சரிங்க ஐயா" என்றாள் ரேணுகா. "யாருக்காக மூடினாரு?"

ஊர் சார்பில் அத்தனை வருஷம் பேசியவர் துண்டை உதறித் தோளில் போட்டார். அவர் செருப்பைத் தேடிக்கொண்டு போனார்.

மழைக்காலம் வருவதற்கு முன்பே வரைவுப் படத்தைப் பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் ஒட்டினார்கள். ஒருவர் பெயரும் அதில் இல்லை. நீலத்தில் ஒரு கோடு மட்டும் சுலோசனா நகரை இரண்டாகப் பிளந்துகொண்டு போனது. மனைக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்த கோட்டக்குப்பத்துக் குடும்பங்கள் காரில் வந்து அதைப் படம் பிடித்துக்கொண்டு நேரே தெய்வசிகாமணி வீட்டுக்குப் போயின. அமராவதி வேலை முடிந்து வரும் வழியில் தினமும் அலுவலகத்துக்குள் எட்டிப் பார்த்து, கோடு இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு போவாள். கிளியனூரிலும் பேச்சு வந்தது. அஞ்சம்மாளே பஸ் ஏறிப்போய், மண்வெட்டி கதையைப் பூவிழியின் மாமியாரிடம் சொல்லிவிட்டு, காபி குடித்துவிட்டு வந்தாள்.

அமராவதி இப்போது வேறொருவர் அளத்தில் கூடை சுமந்தாள். தெய்வசிகாமணி அங்கேயும் வந்தார். இந்தத் தடவை பைக்கை வரப்பில் ஏற்றவில்லை. ரோட்டிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தார்.

"படம் இன்னும் முடிவாகலயாம். ஒரு வார்த்தை மாத்திச் சொல்லும்மா. பூவிழி பேருக்கு ஒரு மனை எழுதித் தர்றேன்."

"அது தண்ணி போற எடம் மொதலாளி."

அவர் பல்லைக் கடித்தார். "இப்ப உனுக்குத் திருப்திதானே? செத்துப்போன புருஷனை ஊரு முன்னாடி குத்தவாளியா நிறுத்திட்டியே, நீயெல்லாம் ஒரு பொம்பளையா?"

அமராவதி கூடையைத் தலையில் சரிசெய்துகொண்டு அவரை நேராகப் பார்த்தாள்.

"நிறுத்தினது நீங்க. அவரை மட்டும் தனியா நிறுத்தினீங்க. நான் உங்களையும் பக்கத்துல நிறுத்தியிருக்கேன். இனிமே ரெண்டு பேரும் சேந்தே நில்லுங்க."