கடல் பக்கம் திரும்பும் அத்தான்

என் அக்கா வீட்டுக்காரருக்கு விமானம் ஓட்டுவது தொழில். இதைச் சொன்னதுமே கேட்பவர்கள் தொப்பி, கோட்டு, சக்கரம் வைத்த பெட்டி என்று கற்பனையில் ஏறிவிடுவார்கள். அத்தான் அரைக்கால் சட்டையோடு, டிபன் டப்பாவை இருக்கைக்கு அடியில் செருகிக்கொண்டு போகிறவர். ஒற்றை எஞ்சின் விமானம். அதன் வாலில் நீளமான துணி விளம்பரத்தை இழுத்துக்கொண்டு கடற்கரையோரமாகப் பறப்பதுதான் வேலை. மணலில் படுத்திருப்பவர்கள் அண்ணாந்து பார்த்து சோப்பு, செருப்பு, பல் மருத்துவர் எல்லாம் படித்துக்கொள்வார்கள்.

எழுத்துகள் அக்காவின் கைவேலை. ஆள் உயரத்துக்குக் கறுப்புத் துணி எழுத்துகள். சோபாவை ஓரமாகத் தள்ளிவிட்டு, கூடத்தில் உட்கார்ந்து தைப்பாள். அவர்கள் வீட்டுக்குச் சாப்பிடப் போனால் ஒரு 'செ'வையும் இரண்டு 'ப்'பையும் தாண்டித்தான் மேசைக்குப் போக முடியும்.

விளம்பரத்தோடு விமானம் தரையிலிருந்து கிளம்ப முடியாது. அத்தான் வெறும் விமானத்தோடு ஏறி, ஒரு வட்டம் அடித்துத் தாழ்வாக வருவார். அக்கா மைதானத்தில் இரண்டு கழிகளுக்கு நடுவே கயிறு மாட்டி வைத்திருப்பாள். விமானத்திலிருந்து தொங்கும் கொக்கி அதைக் கவ்வியதும், புல்லில் கிடக்கும் எழுத்துகள் ஒவ்வொன்றாக எழுந்து பின்னால் போகும்.

"என் குடும்பத்துல நான் கத்தாமலே எழுந்திரிக்கிறது இதுங்க மட்டும்தான்" என்பாள் அக்கா.

பறக்கும்போது கரை எப்போதும் அத்தானுக்கு இடப்பக்கம் இருக்கும். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால்தான் எழுத்து நேராகத் தெரியும். கடற்கரை முடிந்ததும் வலப்பக்கம் திரும்பிவிடுவார். அந்தப் பக்கம் கடல். யாருக்கும் இடைஞ்சல் இல்லை. இடப்பக்கம் ஊர். ஊருக்கு மேலேதான் பெரிய விமானங்கள் இறங்கும் பாதை, அங்கே அவருக்கு வேலையே கிடையாது. இத்தனை வருஷமாக வலது, வலது என்று திரும்பித் திரும்பி, மூளையைக் கேட்காமலே கை திரும்புகிற அளவுக்குப் பழகிவிட்டது.

வினை மெத்தைக்கடைக்காரர் வடிவில் வந்தது. 'மெத்தை வாங்குவீர்' என்று தைத்து முடித்த பிறகு, கிளம்புகிற காலையில் மைதானத்துக்கே வந்து நின்றார்.

"தலையணை இலவசம்னு சேர்த்துடுங்கம்மா. நேத்து ராத்திரிதான் தோணுச்சு."

"தூங்குற நேரத்துல தூங்கிருக்கலாமே அண்ணே."

"மெத்தைக்கடைக்காரனுக்கு ஏதும்மா தூக்கம்?"

அக்கா புல்லில் உட்கார்ந்து அவசர அவசரமாக எழுத்துகளைக் கோத்தாள். அவர் பக்கத்திலேயே நின்று வாய் ஓயாமல் பேசினார். அந்த அமளியில், முதல் எழுத்துப் பக்கம் கட்டவேண்டிய கயிற்றைக் கடைசி எழுத்துப் பக்கம் கட்டிவிட்டாள். கொக்கி கவ்வியது, விளம்பரம் எழுந்தது, அத்தான் போய்விட்டார்.

சற்று நேரத்தில் கடற்கரைக்குப் போன மெத்தைக்கடைக்காரர் போனில் கத்தினார். "அம்மா, எல்லாம் கண்ணாடியில பாக்குற மாதிரி தெரியுதும்மா! இங்க ஒருத்தர் இது எந்த நாட்டு பாஷைன்னு கேக்குறாரு!"

அக்காவுக்கு விஷயம் புரிந்தது. கையில் இருந்த ரேடியோவில் அத்தானைக் கூப்பிட்டாள். "என்னங்க, கயித்தை வால் பக்கம் கட்டிட்டேன். நீங்க எதிர்ப்பக்கமா பறந்தா நேராத் தெரியும்."

யோசனையில் பிழை இல்லை. கரை வலப்பக்கம் வரும்படி அத்தான் எதிர்த்திசையில் பறந்தார். மணலில் இருந்தவர்கள் தலையணைவரை தெளிவாகப் படித்தார்கள். கடற்கரை முடிந்தது. அத்தானின் கை வழக்கம்போல வலப்பக்கம் திரும்பியது.

அந்தப் பக்கம் இப்போது கடல் இல்லை. ஊர்.

எதிரே இறங்கிவந்த பயணிகள் விமானம் கண்ணாடி முழுவதும் வெள்ளையாக நிறைந்தது. அத்தான் விளம்பரத்தைக் கழற்றிவிட்டு, விமானத்தைச் சாய்த்துக் கடலை நோக்கிப் பாய்ந்தார். பெரிய விமானம் உறுமிக்கொண்டு மேலே ஏறி, ஒரு சுற்று சுற்றிப் பத்திரமாக இறங்கியது. காலியாகக் கிடந்த பந்து மைதானத்தில் மெத்தையும் தலையணையும் விழுந்தன. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

அடுத்த வாரம்தான் அத்தான் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தார். முதல் தடவை சொன்னபோது அந்தப் பெரிய விமானத்தின் சக்கரங்கள் தெரிந்தன. இரண்டாம் தடவை திருகாணிகள். நான் மூன்றாம் தடவை கேட்டபோது, "அந்த பைலட்டுக்கு மீசை கொஞ்சம் கோணல் மச்சான்" என்றார்.

சிரித்தோம். ஆனால் விமானத்துறை அதிகாரிகள் அத்தானின் லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டார்கள். விசாரணை முடிவில் அது திரும்பி வராவிட்டால் அத்தானுக்கு வேறு வேலை தெரியாது. தெரியாது என்பதை வீட்டில் இருந்த நாட்களில் நன்றாகவே நிரூபித்தார். குழாயைச் சரிசெய்தார், சமையலறையில் தண்ணீர் நின்றது. துணி மடித்தார், எல்லாருடைய சட்டையும் எல்லாரிடமும் போனது. அக்கா எனக்குப் போன் செய்தாள்.

"டேய், உங்க அத்தானை எங்கயாவது கூட்டிட்டுப் போடா. மனுஷன் வீட்டுக்குள்ளயே வட்டம் போடுறாரு."

"விசாரணையில என்ன சொன்னாராம்?"

"எல்லாம் என் தப்புன்னு சொல்லிட்டு வந்திருக்காரு. ஏன் எதிர்ப்பக்கம் பறந்தீங்கன்னு கேட்டா, சும்மா தோணுச்சுன்னாராம். சும்மா தோணுதுன்னு பறக்குறவன்கிட்ட யாருடா லைசென்ஸைத் திருப்பிக் குடுப்பா?"

அடுத்த விசாரணைக்கு அத்தானுக்குத் தெரியாமல், யாரும் அழைக்காமலே அக்கா போனாள். துணைக்கு நான், என் தோளில் விளம்பர மூட்டை. விசாரணை அதிகாரி கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்ட ஒரு பெண்மணி. அவர் வேண்டாம் என்பதற்குள் அக்கா எழுத்துகளைத் தரையில் விரித்துவிட்டாள். 'மெத்தை' அறைக்குள் அடங்கியது, 'வாங்குவீர்' வாசலைத் தாண்டியது, 'இலவசம்' மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தது. டீ கொண்டுவந்தவர் 'தலையணை'யை மிதிக்காமல் சுற்றி வந்தார்.

"கயிறு கட்ட வேண்டியது இந்தப் பக்கம் மேடம். நான் அந்தப் பக்கம் கட்டிட்டேன். எதிர்ப்பக்கமா பறக்கச் சொன்னதும் நான்தான்."

"நீ ஏன் இங்க வந்த?" என்றார் அத்தான் மெதுவாக.

"நீங்க பேசின லட்சணத்தைக் கேள்விப்பட்டுதான்."

அதிகாரி குனிந்து கயிற்றின் முடிச்சைப் பார்த்தார். "சரிம்மா. வலப்பக்கம் திருப்பினது யாரு?"

"அது இவர் கைதான் மேடம். அதுல எனக்குப் பங்கில்லை."

அதிகாரிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு அத்தானைப் பார்த்தார். "இதை முதல்லயே சொல்லியிருந்தா பாதி நாள் மிச்சமாகியிருக்கும். காரணம் தெரியாம உங்களை எப்படி மேல விடுறது? அந்த விமானம் முழுக்க ஆளுங்க இருந்தாங்க."

"தெரியும் மேடம்" என்றார் அத்தான். அந்த நேரத்தில் மீசை பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

மறுபடி ஒரு பரிசோதகரைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பறந்து காட்டினார். லைசென்ஸ் கிடைத்தது, நிபந்தனையோடு. ஒவ்வொரு திருப்பத்துக்கும் முன்னால் விமான நிலையக் கோபுரத்துக்கு ரேடியோவில் சொல்ல வேண்டும். வலது இடது என்று சொல்லக்கூடாது. கடல் பக்கமா, ஊர்ப் பக்கமா என்று சொல்ல வேண்டும்.

மெத்தைக்கடைக்காரர் கோபமாக இருப்பார் என்று பயந்தோம். அவரோ மறுபடியும் ஆர்டர் கொடுத்தார். அந்த விமானத்தில் வந்த ஒருவர் கடைக்கு வந்து, "ஜன்னல்ல பார்த்தேன், தலையணை எங்கே?" என்றாராம்.

அத்தான் மறுபடி பறந்த முதல் நாள் நானும் மைதானத்துக்குப் போயிருந்தேன். அக்கா முதல் எழுத்துப் பக்கம் அடையாளத்துக்குத் தன் பழைய சிவப்பு நைட்டியைக் கிழித்துக் கட்டியிருந்தாள். கொக்கி கவ்வியது. எழுத்துகள் எழுந்தன. கடற்கரை முடியும் இடத்தில் விமானம் புள்ளியாகத் தெரிந்தபோது அக்கா பேச்சை நிறுத்திவிட்டு ரேடியோவைக் காதில் வைத்துக்கொண்டாள்.

"கடல் பக்கம் திரும்புறேன்" என்றது அத்தானின் குரல்.

"கடல் பக்கம். சரி" என்றது கோபுரம்.

புள்ளி கடல் பக்கம் திரும்பியது. அக்கா ரேடியோவை இறக்கினாள்.

"பாரு, அவங்ககிட்ட எவ்வளவு பதவிசா சொல்றாரு. வீட்டுல ஒரு நாளாவது எங்க போறேன்னு சொல்லிட்டுப் போயிருக்காரா?"